சக்கர விளிம்பில் பதியும் தடங்கள்

ஒரு காரின் டயரை மாற்றி முடிக்க அரை மணி நேரம் போதும் என்பதால் அது எளிய வேலை என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் சக்கரத்தை ஒட்டிய பகுதியை இரண்டு டன்னுக்கு மேற்பட்ட விசை அழுத்துகிறது. எஃகுத் தாடைகள் அதன் விளிம்பைக் கவ்வுகின்றன. ஓர் உலோக மூக்கு விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொலைவில் நின்றபடி டயரை நெம்புகிறது. இறுதியில் நான்கு அல்லது ஐந்து நட்டுகள் ஒவ்வொன்றும் சில டன் இறுக்கத்தோடு சக்கரத்தை அச்சு முனையில் அழுத்திப் பிடிக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை, சாலையில் பல மாதம் ஓடினாலும் சக்கரம் சந்திக்காத வகை விசைகள். இவற்றில் ஏதேனும் ஒன்று ஒரு விரல் அகலம் இடம் மாறினாலும் சக்கரத்தில் புண் விழுகிறது. அப்புண் பெரும்பாலும் பணிமனையின் நிழலில் கண்ணுக்குப் படாமல், வண்டியைக் கழுவும்போதோ, சாய்வான காலை வெயில் விளிம்பில் படும்போதோ, சில வாரங்கள் கழித்து ஒரே டயரில் மட்டும் காற்று இறங்கும்போதோதான் தெரியவருகிறது.

அப்போது எழும் வழக்கு எல்லா ஊரிலும் ஒன்றே. வரும்போதே இருந்த கீறல் என்று கடைக்காரர் சொல்வார்; போகும்போது இல்லாத கீறல் என்று வண்டிக்காரர் சொல்வார். இருவருமே உண்மையென்று நம்பித்தான் பேசுகிறார்கள், ஏனெனில் இருவரும் முன்னதாகச் சக்கரத்தைக் கூர்ந்து பார்த்திருப்பதில்லை. பிரான்ஸின் லியோன் நகரில் 1910-இல் தடயவியல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கிய எட்மண்ட் லோக்கார், ஒன்றையொன்று தொடும் இரு பொருள்கள் தம்முள் எதையேனும் பரிமாறிக்கொள்ளாமல் பிரிவதில்லை என்னும் கருத்தை முன்வைத்தார். குற்றவியலுக்காகச் சொல்லப்பட்ட அக்கருத்து உலோகத்துக்கும் பொருந்துகிறது: நடைபாதைக் கல்லும், சாலைக் குழியும், டயர் கழற்றும் இயந்திரமும், நெம்புகோலும் சக்கரத்தில் வெவ்வேறு வடிவில், வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு திசையில் தடம் விடுகின்றன. சக்கரத்தின் அமைப்பும் அது செய்யப்பட்ட உலோகத்தின் இயல்பும் தெரிந்தவருக்கு அத்தடங்களைப் படிப்பது கடினமன்று.

முதலில், டயர் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சக்கரத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அறிய வேண்டும். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் மிதிவண்டிக்காகச் செய்த காற்று டயர் துணியால் சுற்றிச் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்ததால், பஞ்சர் ஆனால் அதைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடாக இருந்தது. இத்தொல்லைக்கு 1890-இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற தீர்வே இன்றைய கார்ச் சக்கரம் வரை தொடர்கிறது. டயரின் இரு உள்விளிம்புகளிலும் நீட்சியடையாத கம்பி வளையம் ஒன்றைப் புதைப்பதும், சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விடுவதும் அவருடைய யோசனை. ரப்பருக்குள் புதைந்த அந்தக் கம்பி வளையப் பகுதி பீட் எனப்படுகிறது. அது அமரும் சரிவான பகுதியை இருக்கை என்றும், அது வெளியே நழுவாமல் தடுக்கும் எழுந்த ஓரத்தை விளிம்பு என்றும், நடுவிலுள்ள வட்டக் குழியை நடுப்பள்ளம் என்றும் குறிப்பிடலாம்.

16 அங்குலச் சக்கரம் ஒன்றில் இருக்கையின் விட்டம் சுமார் 406 மில்லிமீட்டர்; விளிம்பின் விட்டமோ அதைவிட ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் கூடுதல். எஃகுக் கம்பியாலான பீட் ரப்பரைப் போல் விரியாது என்பதால், சிறிய வளையம் பெரிய விளிம்பைத் தாண்ட ஒரே வழிதான் உண்டு: வளையத்தின் ஒரு பக்கத்தை நடுப்பள்ளத்துக்குள் இறக்கினால் எதிர்ப்பக்கத்தில் கிடைக்கும் தளர்ச்சியைக் கொண்டு அப்பக்கத்தை விளிம்புக்கு மேலே எடுத்துவிடலாம். டயர்க் கடையில் நடக்கும் எல்லா வித்தையும் இந்த ஒரு வடிவியல் உண்மைக்குள் அடங்கியிருக்கிறது. எதிர்ப்பக்கம் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் டயர் சோப்பு நீரின் வழுக்கலில் எளிதாகக் கழன்று வருகிறது. இறங்காமல் இருக்கைமீதே நின்றுவிட்டால் எவ்வளவு நெம்பினாலும் கம்பி நீளாது, நெம்பும் விசை முழுவதும் விளிம்பின் ஒரு புள்ளியில் வந்து குவிகிறது. நடுப்பள்ளம் பெரும்பாலான சக்கரங்களில் சரிநடுவில் இல்லாமல் ஒரு முகத்தை ஒட்டி அமைந்திருப்பதால், எந்த முகம் மேலே இருக்க வேண்டும் என்பதைப் பார்த்து இயந்திரத்தில் வைப்பது தேர்ந்த பணியாளரின் முதல் அடையாளம். அந்த ஒரு நொடிப் பார்வை தவறும்போது விளையும் புண்கள், கருவிகள் பழசாகிப் போனதால் விளைபவற்றைவிடக் குறைவானவை அல்ல.

உலோகத்துக்கு வருவோம். பேச்சுவழக்கில் அலாய் வீல் எனப்படும் சக்கரங்களில் மிகப் பெரும்பாலானவை அலுமினியத்தோடு ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கனும் அரை விழுக்காட்டுக்குக் குறைவான மக்னீசியமும் சேர்ந்த ஏ356 என்னும் கலப்புலோகத்தால் வார்க்கப்படுகின்றன. உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்குகளுக்குள் எளிதாக ஓடுவதற்குச் சிலிக்கன் உதவுகிறது. மக்னீசியம் பின்னர் வரும் வெப்பப் பதப்படுத்தலில் வலிமை தருகிறது. வார்த்த சக்கரத்தை 540 செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நீரில் சட்டென்று குளிர்வித்து, மறுபடியும் 150 செல்சியஸுக்குச் சற்று மேலான வெப்பத்தில் சில மணி நேரம் வைத்திருக்கும்போது, மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த மிக நுண்ணிய துகள்கள் உலோகப் படிகங்களுக்குள் தோன்றி அவற்றின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுக்கின்றன. டி6 எனப்படும் இந்தப் பதம்தான் சக்கரத்தின் வலிமைக்கு ஆதாரம்.

இவ்வாறு வலுப்பெற்ற பிறகும் அந்த உலோகம், கருவிகள் செய்யப் பயன்படும் கடின எஃகின் முன் மிக மென்மையானது. எஃகுத் தகட்டாலான சாதாரண ரிம் அடிபட்டால் நசுங்கி வளையும், தட்டினால் பெருமளவு நிமிரும். வார்ப்பு அலுமினியமோ தன் நீளத்தில் நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே நீண்டு, அதற்கு மேல் விரிசலாகிவிடும். அதன் மேற்பரப்பைக் காப்பது அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அவற்றின் மேல் நிறமற்ற தெளிபூச்சு என்னும் அடுக்குகளே. இவை எல்லாம் சேர்ந்தும் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். முகப்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவிப் பளபளப்பாக்கும், டயமண்ட் கட் என்று விற்கப்படும் சக்கரங்களில் நிலைமை இன்னும் மோசம்: சீவிய உலோகத்துக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே தெளிபூச்சு ஒன்று மட்டுமே நிற்கிறது.

டயர் கழற்றும் வேலையின் முதல் கட்டம், இருக்கையில் இறுகிய பீட்டைப் பெயர்ப்பது. இதற்காக இயந்திரத்தின் பக்கவாட்டிலுள்ள மண்வெட்டி போன்ற அகலத் தகடு, காற்றழுத்த உருளையின் விசையால் டயரின் பக்கச்சுவரை உள்நோக்கித் தள்ளுகிறது. அது ரப்பரில் படுவதற்குப் பதிலாக விளிம்பில் பட்டுவிட்டால், விளிம்பின் வெளிமுகத்தில் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான, சற்றே வளைந்த, ஒரே அழுத்தத்தில் பதிந்த வடு உண்டாகும். வால்வு இருக்கும் இடத்தில் தகட்டை வைத்து அழுத்தினால், பல புதிய கார்களில் வால்வின் உள்முனையில் பொருத்தப்பட்டிருக்கும் காற்றழுத்த உணரி உடைந்துபோகும்; வெளியில் எந்தத் தடமும் தெரியாது, முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியும்.

அடுத்து, சக்கரம் சுழல்மேசையில் படுக்கவைக்கப்பட்டு நான்கு தாடைகளால் கவ்வப்படுகிறது. எஃகு ரிம்மை உட்புறமிருந்து விரித்துப் பிடிப்பதும், அலாய் வீலை வெளிப்புறமிருந்து கவ்விப் பிடிப்பதும் வழக்கம். தாடைகளின்மேல் பிளாஸ்டிக் உறைகள் இருக்க வேண்டும். உறை தேய்ந்தோ விழுந்தோ போயிருந்தால் தாடையின் பற்கள் நேரடியாக அலுமினியத்தில் பதிகின்றன. இப்படிப் பதியும் தடத்தைப் போல் ஐயத்துக்கிடமற்ற சான்று வேறில்லை: ஒன்றுக்கொன்று சரியாக 90 பாகை இடைவெளியில் நான்கு ஒத்த வடுக்கள். சாலையில் கிடக்கும் எந்தக் கல்லும் சக்கரத்தை நான்கு இடங்களில் சம தூரத்தில் கடிப்பதில்லை.

மூன்றாவது கட்டத்தில், வாத்தின் அலகைப் போல் வளைந்த தலை விளிம்பை ஒட்டி இறக்கப்படுகிறது. மேசை மெல்லச் சுழலும்போது அத்தலை டயரின் பீட்டை மேலே தூக்கி வெளியேற்றுகிறது. தலைக்கும் விளிம்புக்கும் இடையே விட வேண்டிய சிறு இடைவெளி தவறினால், விளிம்பின் உட்பக்க ஓரத்தில் சக்கர மையத்தையே மையமாகக் கொண்ட வட்டவில் போன்ற ஒரு மெல்லிய கோடு நீளமாக விழும். பீட்டைத் தலைமீது ஏற்றுவதற்குக் கையால் செருகும் லீவர் வழுக்கினால் உண்டாகும் புண் இதற்கு நேர்மாறானது: குறுகியது, ஆழமானது, விளிம்புக்குக் குறுக்காக வெட்டுவது, பெரும்பாலும் ஒரு பக்கம் உலோகத்தை நசுக்கிப் பிதுக்கியிருப்பது. சாலையோரப் பஞ்சர் கடைகளில் இயந்திரமின்றிக் கடப்பாரைக் கம்பிகளால் கழற்றும்போது இத்தகைய குறுக்கு வெட்டுகள் சில அங்குல இடைவெளிகளில் வரிசையாக விழுவதுண்டு. தடித்த எஃகு ரிம்முக்குப் பழகிய அந்தக் கைத்திறனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அலுமினிய விளிம்பு அந்த முறைக்காக உருவாக்கப்படவில்லை என்பதே உண்மை. பக்கச்சுவரின் உயரம் குறைந்த டயர்களில் இடர் மேலும் கூடுகிறது. 165/80 ஆர்14 அளவு டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர் உயரம் கொண்டது, 225/45 ஆர்17 டயரிலோ அது 101 மில்லிமீட்டர் மட்டுமே. குட்டையான, விறைத்த சுவர் வளைந்துகொடுக்காததால் நெம்பும் விசை ஏறுகிறது, வழுக்கினால் விழும் அடியும் ஏறுகிறது.

நடைபாதைக் கல் விடும் தடம் இவற்றுள் எதனோடும் ஒத்துப்போவதில்லை. வண்டியை ஓரங்கட்டும்போது உருளும் சக்கரம் கல்லில் உரசுவதால், விளிம்பின் மிக வெளியே துருத்திய ஓரம் அகலமாகத் தேய்ந்து, அதற்குள் பல நுண்கீறல்கள் ஒரே போக்கில் ஓடும். சிமெண்ட்டின் சாம்பல் நிறத் துகள்கள் அதில் சிக்கியிருக்கும். டயரின் பக்கச்சுவரிலும் பல வேளை அதே இடத்தில் உராய்ந்த அடையாளம் காணப்படும். டயர் புதிதாய், உராய்வு ஏதுமின்றி இருக்க அதை ஒட்டிய விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், அத்தேய்வு பழைய டயரின் காலத்தைச் சேர்ந்தது என்று கொள்வதே நியாயம். குழியில் விழுந்த அடி வேறு வகை: சக்கரத்தின் ஆரக்கால்கள் வெளிமுகத்தை ஒட்டியே அமைந்திருப்பதால் அவற்றிலிருந்து தொலைவிலுள்ள உள்விளிம்பே தாங்கலின்றி வளைகிறது, கூடவே டயரின் உள்ளிழைகள் அறுந்து பக்கச்சுவரில் கட்டி போன்ற புடைப்பும் தோன்றுகிறது. சக்கரத்தைக் கழற்றாதவரை உள்விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே டயர் மாற்றும் நாளில் முதன்முறையாகக் காணப்படும் வளைவு அந்நாளில்தான் உண்டானது என்று முடிவுகட்டுவது கடைக்காரருக்கு இழைக்கப்படும் அநீதியாகிவிடும்.

புண்ணின் வயதையும் ஓரளவு சொல்லலாம். புதிதாகக் கீறப்பட்ட அலுமினியம் வெள்ளி போல் மின்னும். காற்று பட்டவுடனே அதன்மேல் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது என்றாலும், அதன் தடிமன் மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பங்கே ஆதலால் மினுக்கம் குறைவதில்லை. ஈரமும் உப்பும் பிரேக்கிலிருந்து வரும் கரும்பொடியும் பல நாள் சேர்ந்த பிறகே கீறல் மங்கிக் கறுக்கிறது. பின்னர் வெண்பொடி பூக்கிறது. மின்னும் கீறல் இன்றையதாகவோ சில நாள் முந்தையதாகவோ இருக்கலாம், ஆனால் வெண்பொடி பூத்த கீறல் நேற்றையதாக இருக்க முடியாது.

கீறலால் சக்கரத்தின் வலிமை கெடுமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற முடியாது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்துக்குப் பின், தாங்கக்கூடிய சுமையையே திரும்பத் திரும்ப ஏற்றாலும் உலோகம் ஒருநாள் முறிந்துவிடக்கூடும் என்பது பொறியாளர்களின் கவனத்துக்கு வந்தது. பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் நடத்திய நெடிய சோதனைகள், உலோகச் சோர்வு எனப்படும் இந்நிகழ்வுக்கு அளவீடுகளைத் தந்தன. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழான சுமையை எஃகு எண்ணற்ற முறை தாங்கும். அலுமினியக் கலப்புலோகங்களுக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை, சுற்றுகள் கூடக்கூடத் தாங்குதிறன் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். சாதாரணக் கார்ச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 530 முறை சுழல்வதால், 40,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு டயரின் வாழ்நாளுக்குள் சக்கரத்தின் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு கோடி முறைக்கு மேல் சுமையேறி இறங்குகிறது.

கூரான வெட்டு இந்தச் சுமையை ஒரு முனையில் குவிக்கிறது. ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசையைத் தகைவு என்பர். துளையோ வெட்டோ உள்ள தகட்டில் தகைவு எவ்வளவு உயர்கிறது என்பதைச் சார்லஸ் இங்லிஸ் 1913-இல் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய வாய்பாட்டின்படி அரை மில்லிமீட்டர் ஆழமும், முனையில் 0.05 மில்லிமீட்டர் ஆரமும் கொண்ட வெட்டின் நுனியில் தகைவு சுற்றுப்புறத்தைப் போல் ஏழு மடங்காகிறது. ஆனால் இது, இழுவிசை வெட்டுக்குக் குறுக்காகச் செயல்படும்போது மட்டுமே உண்மை. விசையின் திசையிலேயே ஓடும் கீறல் அதைப் பெரிதாகக் குலைப்பதில்லை. சக்கர வளையத்தில் சுற்றுத்திசையில் எழும் தகைவு முக்கியமானது என்பதால், இயந்திரத் தலை விட்டுச்செல்லும் நீண்ட வட்டக்கோடு பார்வைக்கு அசிங்கமாக இருந்தும் பெரும்பாலும் வலிமையைக் கெடுப்பதில்லை. லீவர் போட்ட அரை அங்குலக் குறுக்கு வெட்டோ சிறிதாகத் தெரிந்தும் விரிசலுக்கு வித்தாகலாம். வண்டிக்காரர்கள் முன்னதற்குச் சண்டையிட்டுப் பின்னதைக் கண்டுகொள்ளாமல் போவது வருந்தத்தக்கது.

வலிமைக்கு இடரில்லாத கீறலும் அரிமானத்துக்கு வாசல் திறக்கிறது. தெளிபூச்சு கிழிந்த இடத்தில் நுழையும் ஈரம், பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையே புழு ஊர்ந்தது போன்ற மெல்லிய வெண்கோடுகளாகப் பரவுகிறது. இழையரிமானம் எனலாம் இதனை; காற்றில் ஈரப்பதம் மிகுந்த இடங்களில் இது தீவிரமடைவதால், குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு செய்யும் வேலையைச் சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றே செய்துவிடுகிறது. இருக்கைப் பகுதியில் அரிமானம் நேர்ந்தால் விளைவு வேறு: ட்யூப் இல்லாத டயரில் காற்றைத் தடுத்து நிறுத்துவது ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையிலான நெருக்கமே ஆதலால், அங்கே பூத்த பொடி மயிரிழை இடைவெளி விட்டாலும் காற்று நாள்தோறும் கசியும். புது டயர் போட்ட பின்னும் காற்று இறங்குவதற்கு, பழைய இருக்கையைச் சுத்தம் செய்யாமல் டயரை ஏற்றியது காரணமாக இருப்பது அரிதன்று. சுழலும் சக்கரத்தைச் சமநிலைப்படுத்த எஃகுக் கொக்கியால் விளிம்பில் மாட்டும் பேலன்சிங் எடைகளும் இவ்வாறே தீங்கிழைக்கின்றன. கொக்கி பூச்சைக் கீறுகிறது, பிறகு உப்புநீர் நனைக்கும்போது எஃகும் அலுமினியமும் ஒரு சிறு மின்கலத்தின் இரு முனைகளாகி அலுமினியம் கரைகிறது. அலாய் வீல்களுக்கு உட்புறம் ஒட்டும் எடைகளே ஏற்றவை.

பேலன்சிங் எடை சரியாக அமையாவிட்டால் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 0.3 மீட்டர் ஆரமுள்ள டயர் நொடிக்கு ஏறத்தாழ 15 முறை சுழல்கிறது. அப்போது மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் 60 கிராம் குறைந்தாலோ கூடினாலோ, சுமார் பத்து கிலோ எடைக்கு நிகரான விசை நொடிக்கு 15 தடவை சக்கரத்தை இழுத்து உலுக்கும். சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் சக்கரத் தொகுதி இயல்பாகத் துள்ளும் அதிர்வெண்ணும் நொடிக்கு 10 முதல் 15 தடவை என்ற அளவிலேயே இருப்பதால், 80 கிலோமீட்டருக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்குகிறது. டயர் மாற்றிய மறுநாள் நெடுஞ்சாலையில் இந்நடுக்கம் தோன்றினால் பேலன்சிங் பிழை, வளைந்த விளிம்பு, ஹப் எனப்படும் அச்சு முனையின் துருவின்மேல் சாய்ந்து அமர்ந்த சக்கரம் ஆகிய மூன்றில் ஒன்றை முதலில் ஐயுறலாம்.

இவை எல்லாவற்றிலும் மேலாகக் கவலைப்பட வேண்டிய இடம், கண்ணுக்கு அழகு சேர்க்காத நட்டுத் துளைகள். சக்கரத்தைத் தாங்குவது போல்ட்டின் தடிமன் என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் நட்டை இறுக்கும்போது போல்ட் மிக நுண்ணிய அளவு நீண்டு, ரப்பர் வளையம் போல் திரும்பிச் சுருங்க முயன்று, சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. பல கார்களுக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் முறுக்குவிசை 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியது; அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 20 கிலோ எடை தொங்குவதற்கு அது சமம். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் இதனால் கிடைக்கும் அழுத்துவிசை நாலு டன்னைத் தாண்டுகிறது. செலுத்தும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகச் செலவாகிறது. ஆகவே மரையில் எண்ணெய் தடவினால் அதே முறுக்கிலேயே இறுக்கம் மிகக் கூடிவிடும்.

நட்டுகளை இறுக்கப் பயன்படும், காற்றழுத்தத்தில் இயங்கும் இம்பாக்ட் கன் இந்தக் கணக்கை அறியாது. 500 நியூட்டன் மீட்டருக்கும் மேலான முறுக்கைத் தரவல்ல அக்கருவியின் பொத்தானைச் சில நொடி கூடுதலாக அழுத்தினால், போல்ட் மீளா நீட்சி அடைகிறது. நட்டு அமரும் கூம்பு வடிவ அலுமினிய இருக்கை நசுங்குகிறது. பிரேக் டிஸ்க் சற்றே கோணி, பின்னர் பிரேக் மிதியில் துடிப்பாக வெளிப்படுகிறது. கருவியின் தடித்த சாக்கெட் துளைச் சுவரில் உரசிய வட்டக் கீறல்கள் இதற்குச் சாட்சி. எஃகு ரிம்முக்குரிய நட்டை அலாய் வீலில் போடுவதும், கூம்பு அடி கொண்ட நட்டைக் கோள வடிவ இருக்கையில் போடுவதும் தொடுபரப்பை ஒரு மெல்லிய வளையமாகச் சுருக்கி அதே கேட்டைச் செய்கின்றன.

குறைவாக இறுக்கினாலும் இடரே. நட்டுக்கும் ஹப்புக்கும் இடையே 30 மில்லிமீட்டர் நீளம் இருக்குமானால், நாலு டன் இறுக்கத்தில் போல்ட் நீள்வது 0.07 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு பெயிண்ட் பூச்சின் தடிமனும் அதுதான். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே சிக்கிய துருவோ, நட்டின் இருக்கையில் படிந்த பெயிண்ட்டோ ஓட்டத்தின்போது நசுங்கித் தூளானால், அந்த நீட்சி முழுவதும் கரைந்து இறுக்கம் இல்லாமலே போய்விடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி சோதிக்கச் சொல்வதன் பின்னணி இதுவே. ஏனோ இந்த அறிவுரை சம்பிரதாயமாகச் சொல்லப்பட்டு, சம்பிரதாயமாகவே மறக்கப்படுகிறது.

சேதத்தைச் சரிசெய்யும் முறைகளிலும் உலோகத்தின் பதம் குறுக்கே நிற்கிறது. மேற்பூச்சளவிலான கீறலைத் தேய்த்து, பூசி, மூடிவிடலாம். டயமண்ட் கட் முகத்தை மறுபடி கடையலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் சிறிது உலோகம் குறைவதால் அது எண்ணிக்கைக்குட்பட்ட வாய்ப்பு. வளைந்த விளிம்பைத் தீயில் காட்டி நிமிர்த்துவதோ வேறு வழக்கு: 200 செல்சியஸைத் தாண்டியதும் டி6 பதத்தில் உருவான நுண்துகள்கள் பருத்து எண்ணிக்கையில் குறைந்து, உலோகம் தளர்கிறது. எஃகு சூடேறும்போது சிவந்து எச்சரிப்பதைப் போல் அலுமினியம் எச்சரிப்பதில்லை, உருகும் தறுவாய் வரை அதன் நிறம் மாறாது. விரிசல் கண்ட சக்கரத்தை வெல்டிங் செய்தால் பற்றவைப்பை ஒட்டிய பகுதியும் இதே காரணத்தால் வலுவிழக்கிறது. விரிசல் விட்ட சக்கரத்துக்கும், நட்டு இருக்கை நசுங்கிய சக்கரத்துக்கும் மாற்றுச் சக்கரம் ஒன்றே மருந்து.

டயர் மாற்றச் செல்பவர்கள் வண்டி ஜாக்கியில் ஏறுவதற்கு முன் நான்கு சக்கரங்களையும் கடைப் பணியாளரை அருகில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் படமெடுத்துவிடுவது நன்று. இரு தரப்பாரின் நேர்மையையும் அது ஒருசேரக் காக்கிறது. சக்கரத்தைக் கழற்றிய பின் உள்விளிம்பையும் கேட்டுப் பார்க்கலாம். தாடைகளில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணோட்டி, நட்டுகளைக் கடைசிச் சுற்றில், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்சால், எதிரெதிர் வரிசையில், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்கித் தருமாறு கேளுங்கள்; நூறு கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் மறுபடி ஒருமுறை அவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்.